கூகையோடு வரதராஜன்பேட்டைக்கு

2003 ஆவணி மாதம், வியாழக்கிழமை, காலை 5.40.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் ஒரு மிக்ஸிப் பெட்டியை வைத்துக்கொண்டேன். உள்ளே மிக்ஸி இல்லை. எங்கள் கல்லூரி விலங்கியல் துறைக்குச் சொந்தமான கூகை ஒன்று, பஞ்சு அடைத்துப் பாடம் செய்தது, தேக்குக் கட்டைமேல் கால் ஊன்றிக் கண்ணாடிக் கண்ணை விழித்துக்கொண்டு நின்றிருந்தது. ஆந்தையில் பெரிய வகை, வெள்ளை முகம். துறைத்தலைவர் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் அந்தத் துறையில் ஆய்வக உதவியாளன். இருபத்திரண்டு வருடம். பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். பூச்சிப் பெட்டிகள் மட்டும் என் பொறுப்பு. அலமாரியில் இருக்கும் வண்டும் பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் பெரும்பாலும் என் கையால் ஊசி குத்தியவை. இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது என் வழக்கம், கண்டுகொள்ளாதீர்கள்.

பயணத்துக்குக் காரணம் செவ்வாய்க்கிழமை வந்த ஒரு போன். பேசியது தனக்கொடி. எங்கள் கல்லூரியில் புது ஆய்வகக் கட்டடம் எழும்பியபோது சித்தாளாக வந்து செங்கல்லும் கலவையும் சுமந்தவள். சாரத்தில் உட்காரும் பூச்சிகளைச் சிமெண்ட் சாக்குக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, "சார், இது ஒங்களுக்கு ஆவுமா?" என்று கேட்பாள். அப்படித்தான் பழக்கம். இப்போது சொந்த ஊரான வரதராஜன்பேட்டையில் சொந்தமாக ஒரு வீடு கட்டி முடித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடி போக நாள் குறித்தாகிவிட்டது.

"சார், ஆந்தை மாதிரி மூஞ்சி வச்ச பூச்சி உண்டுங்களா?" என்றாள்.

"உண்டு. ஏன்?"

"எங்க நாத்தனா திங்கக்கெழம சாயங்காலம் புது வூட்டுப் பின்னறைய கூட்டப் போனாங்க. செவுத்துல ரெண்டு கண்ணு முழிச்சுதாம். கோட்டான் பூந்துடுச்சுன்னு கத்திக்கிட்டு ஓடியாந்துட்டாங்க. கோட்டான் பூந்த வூட்ட ஆறு மாசம் பூட்டணும், பால் காச்சக் கூடாதுங்கிறாங்க. நானும் போயி தீக்குச்சி கிழிச்சுப் பாத்தேன் சார். கண்ணு ரெண்டு இருக்கு. மூக்கு இல்ல."

மூக்கு இல்லை என்று கவனித்தாளே, அந்த ஒன்று போதும். அது பறவை இல்லை, ஆந்தைக்கண் அந்துப்பூச்சி என்று போனிலேயே சொன்னேன்.

"நான் சொன்னா யாரு சார் நம்புவாங்க? நாத்தனா வெளக்கு எடுத்துக்கிட்டு முன்னாடி வரலைன்னா எங்க சனம் ஒருத்தரும் உள்ள வராது. நீங்க வந்து சொல்லுங்க. காலேஜு ஆளு சொன்னா கேப்பாங்க."

காலேஜ் ஆள்! அந்த வார்த்தைக்காகவே கிளம்பிவிட்டேன் என்றும் சொல்லலாம். ஒரு பூச்சியைக் காட்டி இது ஆந்தை இல்லை என்பதைவிட, ஆந்தையையும் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது என்பது என் கணக்கு. அதனால்தான் மடியில் கூகை.

சமயபுரம் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். பெரம்பலூருக்குப் பதினாறு ரூபாய்.

"பொட்டியில என்னங்க?"

"பறவை."

"உசுரோடவா?"

"இல்லை, செத்தது."

அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார், பார்த்த வேகத்தில் மூடினார். "சார், நீங்க கடைசி சீட்டுக்குப் போயிடுங்க. டிரைவர் அண்ணன் பாத்தாருன்னா பாடாலூர்லயே எறக்கி விட்டுருவாரு." அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். படிக்காத ஜனம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போனேன்.

காலை 7.15. பெரம்பலூர்.

சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிற மாவட்டத் தலைநகரம், ஆனால் ரயில் கிடையாது. எங்கே போவதானாலும் பஸ்தான். அதனாலேயே பேருந்து நிலையம் அந்த நேரத்திலும் கல்யாண வீடு போல இருந்தது. இரண்டு இட்லி, ஒரு வடை, டீ, எல்லாம் சேர்த்து ஒன்பது ரூபாய். கூகையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அரியலூர் பஸ் 7.50க்கு. சுமார் முப்பது கிலோமீட்டர், எட்டரை ரூபாய். இருபுறமும் பருத்தி, மக்காச்சோளம், இடையிடையே வெங்காயம். பக்கத்தில் உட்கார்ந்த பருத்திக்காரர் ஒருவர் பெட்டியை விசாரித்தார். மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"நாங்களே காட்டுல கோட்டான் வந்து ஒக்காரட்டும்னு குச்சி நட்டு வச்சிருக்கோம். எலியப் புடிச்சுத் தின்னுரும். அது ஒக்காந்து போன எடத்துல எலி வளையே இருக்காதுங்க."

"அப்படியானால் வீட்டுக்கு வந்தாலும் நல்லதுதானே?"

"அது எப்படிங்க?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காட்டுல இருந்தா காவக்காரன். வூட்டுக்குள்ள வந்தா ஆவாது."

ஒரே பறவைக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மரியாதை, இந்தப் பக்கம் ஒரு மரியாதை.

காலை 9 மணி. அரியலூர்.

இந்த ஊருக்கு ரயில் உண்டு, கலெக்டர் ஆபீஸ் இல்லை. கொஞ்ச காலம் தனி மாவட்டமாக இருந்து மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள் என்று டீக்கடையில் இன்னும் அங்கலாய்ப்பு ஓய்ந்தபாடில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகின்றன. சாலையோர வேப்பமரங்கள் எல்லாம் மாவு பூசியது போல வெளுத்துக் கிடந்தன. தனக்கொடியின் புருஷன் ராமசாமிக்கும் இந்த லாரிகளில் ஒன்றுதான் வேலை. இங்கிருந்து ஜெயங்கொண்டம் பத்து ரூபாய். அங்கே இறங்கி மினி பஸ்ஸில் மூன்று ரூபாய். மண் சிவப்பாகி, முந்திரித் தோப்புகள் தொடங்கின. வரதராஜன்பேட்டையில் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால்.

தனக்கொடி நிறுத்தத்தில் காத்திருந்தாள். "வாங்க சார். சாப்டீங்களா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் வேகமாக நடந்தாள்.

வீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இருபத்திரண்டு அடிக்கு முப்பது அடி. வெளிர்பச்சை வண்ணம். கான்கிரீட் கூரை. தனக்கொடியின் அப்பாவும் அம்மாவும் ஒரு காணி நிலம்கூட இல்லாமல், அடுத்தவர் வயல் மூலையில் அவர் சொன்ன இடத்தில் குடிசை போட்டு, அவர் எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்து போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் கல் வீடு இது. சுவரில் பாதி அவளே கட்டியது. கொத்தனார் கூலி மிச்சம் என்று சொல்லிச் சிரித்தாள். என் தங்கை வீடு கட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

எதிர்ப்புறம் புளியமரத்தடியில் ஒரு அம்மாள் இடுப்பில் கை ஊன்றி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டுமஸ்தான உடம்பு. "அவங்கதான் நாத்தனா. காசாம்பு அண்ணி" என்றாள் தனக்கொடி. "தெருவத் தாண்டி இந்தப் பக்கம் வர மாட்டேங்கிறாங்க."

பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனேன். ஜன்னலைச் சாக்கால் மூடியிருந்ததால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. புளித்த வாசனை ஒன்று மூக்கைத் துளைத்தது. டார்ச்சை அடித்தேன். சுவரில் இரண்டு கண்கள், உருண்டு திரண்டு, கருவிழியும் வெள்ளை வளையமுமாக என்னை முறைத்தன. இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ள நானே ஒரு எட்டுப் பின்வாங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்துப்பூச்சிதான். விரித்த கையளவு. இரண்டு முன்னிறக்கையிலும் ஆளுக்கொரு கண். பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டும் ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்கு மேலே உட்கார்ந்திருந்தன.

"டிரம்மில் என்ன?"

"கடுக்காத் தண்ணி சார். தளம் அடிச்சதுல மிச்சம்."

இங்கே கூரைக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அப்படி அடித்த தளத்தில் மழை இறங்காது. மிச்சத் தண்ணீர் பத்து நாளாக மூடாமல் கிடந்து நுரைத்துப் புளித்திருந்தது. இந்தப் பூச்சிக்குப் புளித்த இனிப்பென்றால் உயிர். இரவில் வந்து குடிக்கிறது, பகலில் அங்கேயே இருட்டில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. கண்டுபிடித்துவிட்டேன்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அட்டையைச் சொருகி, பூச்சியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிக் காசாம்புவிடம் போனேன். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"இதுதானம்மா நீங்கள் பார்த்தது."

அவர் குனிந்து பார்த்தார். பூச்சி டம்ளருக்குள் இறக்கையை மடக்கிக்கொண்டு பரிதாபமாக இருந்தது. "இது பூச்சிங்க. பூச்சி தெரியாதா எனக்கு? நான் பாத்தது மூஞ்சி. கோட்டான் மூஞ்சி."

"இல்லையம்மா, கோட்டான் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன், நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வாசல் வரை வாருங்கள் போதும்" என்று கெஞ்சி அழைத்து வந்தேன். வாசல்படிக்கு வெளியே அவரை நிறுத்தி, நான் உள்ளே போய், கூடத்து நடுவில் பெட்டியைத் திறந்து கூகையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

காசாம்பு போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்தன. "அடிப் பாவி மவளே! அப்பப் பூந்தது பூச்சியோ என்னமோ, இப்ப நெசமாவே கோட்டான் பூந்துடுச்சே! பால் காச்சாத வூட்டுக்குள்ள தூக்கியாந்து வச்சுட்டாரே இந்த மனுசன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த கூகையைப் பார்த்தேன், மிதித்து வந்த வாசல்படியைப் பார்த்தேன். ஆந்தை வரவில்லை என்று நிரூபிக்க ஆந்தையைச் சுமந்துகொண்டு தொண்ணூறு மைல் வந்திருக்கிறேன். என்னைவிடப் பெரிய முட்டாள் நான்கு மாவட்டத்தில் இருக்க முடியாது. கூட்டத்தில் நான்கைந்து பேர் கிளம்பிப் போனார்கள். "தனக்கொடி, மன்னித்துவிடும்மா" என்றேன். பதினாறு வருடம் கல்லும் கலவையும் சுமந்து அவள் சேர்த்த உழைப்பை ஒரு மிக்ஸிப் பெட்டியால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

தனக்கொடி என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து கூகையை வாங்கினாள். கூடத்து ஜன்னல் கட்டையில், தெருவுக்கு முகம் தெரியும்படி வைத்தாள். பிறகு வாசல்படியில் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்குறேன், சொல்லு. அரியலூர்ல அந்த டாக்டரு வூடு கட்டுனோமே, மாடி மூலையில கோட்டான் முட்ட வச்சிருந்துச்சா இல்லியா?"

காசாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீதான சாக்கு போட்டு மூடுன? மேஸ்திரி பாத்தா அடிச்சுப் போட்டுருவாரு, குஞ்சு பொரிச்சுப் போவட்டும்னு நீதான சொன்ன? வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லாதன்னு என் வாயப் பொத்துன. குஞ்சு பறந்து நாலு நாளுல அவங்க பால் காச்சுனாங்க. நமக்குக்கூட சொம்புல பாயசம் கொடுத்தாங்க. அந்த டாக்டரு இப்ப எப்படி இருக்காரு?"

"...மேல ரெண்டு மாடி எடுத்திருக்காரு" என்றார் காசாம்பு மெதுவாக.

"பெரம்பலூர்ல அந்த லாட்ஜு? திருச்சியில இவங்க காலேஜு? கதவு மாட்டாத எந்த வூட்டுல அண்ணி கோட்டான் வரல? பாம்பு வந்துச்சு, வவ்வாலு வந்துச்சு, அது நடுவுல நாமளும் சிமெண்ட் மூட்ட பக்கத்துல படுத்துக் கெடந்தோம். எல்லாருஞ் சொகமாத்தான் இருக்காங்க. ஊரான் வூட்டுல பூந்தா குஞ்சு பொரிக்கட்டும். நம்ம வூட்டுல பூந்தா மட்டும் ஆறு மாசம் பூட்டணுமா?"

தனக்கொடியின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"இந்தத் தளம் நீ அடிச்சது. அந்த கடுக்காத் தண்ணி நீ ஊற வச்சது. அது வாசத்துக்குத்தான் பூச்சி வந்துச்சுங்கிறாரு சார். நாளைக்கு நீ வெளக்கு எடுத்தாந்தா எனக்கு சந்தோசம். வரலன்னாலும் நான் பால் காச்சுவேன்."

காசாம்பு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார். போகும்போது கூரையை மட்டும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

போகாமல் நின்ற பெண்கள் மெல்ல ஜன்னலருகே வந்தார்கள். எல்லோரும் கட்டட வேலைக்காரர்கள். ஒருத்தி கூகையின் சிறகைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு ஆளாளுக்குத் தொட்டார்கள். நான் என் பாடத்தைத் தொடங்கினேன். கூகைக்குக் கண் இரண்டும் முன்னால் பார்க்கும், ஆனால் குழியில் அசையாது. அதனால்தான் கழுத்தைத் திருப்புகிறது. பூச்சியின் கண்ணோ கண்ணே இல்லை, இறக்கையில் பூசிய வண்ணம். அதன் உண்மையான கண் கடுகளவு. கூகைக்குக் கொக்கி மூக்கும் நகமும் உண்டு, எலியைக் கிழிக்க. பூச்சிக்கு இருப்பதெல்லாம் சுருட்டி வைத்த ஒரு குழல் நாக்கு, உறிஞ்சிக் குடிக்க. ஒன்று வேட்டைக்காரன், மற்றது வேட்டைக்காரன் வேஷம் போட்ட சாது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று: பறந்தால் சத்தம் கேட்காது. கூகைச் சிறகின் ஓரம் பஞ்சு போல இருக்கும். பூச்சியின் இறக்கையிலும் மெத்தென்று செதில்.

"அப்ப கோட்டானப் பாத்து நாம பயப்படுறோம், பூச்சியப் பாத்து எது பயப்படும்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"பூச்சியைத் தின்ன வரும் சின்னக் குருவி."

"அப்ப எங்க காசாம்பு அக்கா குருவிதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை, காலை 5.45.

முந்தைய இரவு, அவர்கள் அதுவரை குடியிருந்த பழைய கொட்டகையில் கட்டிலில் படுத்தேன், தூங்கவில்லை. ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் முகூர்த்தம். ராமசாமி லாரியை நிறுத்திவிட்டு வந்து, செங்கல் மூன்று வைத்து அடுப்புக் கூட்டியிருந்தார். பானையில் பால் தயார். வாசலில் வாழைக்கன்று. ஆட்கள் இருபது பேர்கூட இல்லை, பாதித் தெரு வரவில்லை. தனக்கொடி அரக்குச் சேலையில், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். நேரம் ஆறு, ஆறு ஐந்து, ஆறு பத்து என்று போனது. ராமசாமி, "அக்கா வராது புள்ள, நீயே வெளக்க எடு" என்றார்.

அவள் குனிந்து விளக்கைத் தொடப் போனபோது வாசலில் நிழல் விழுந்தது. காசாம்பு. தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, கையில் ஏற்றிய காமாட்சி விளக்கு. காற்றுக்கு அணையாமல் உள்ளங்கையை மறைத்துப் பிடித்திருந்தார். வாசல்படியில் நின்று ஜன்னல் கட்டையைப் பார்த்தார். கூகை அவரைப் பார்த்தது. நான் ஓடிப் போய் அதை எடுக்கப் பார்த்தேன்.

"இருக்கட்டும் விடுங்க சார்" என்றார். "என்னத்த பண்ணிடும் அது? நான் அடிச்ச தளத்துக்குக் கீழதான நிக்குது."

வலது காலை வைத்து உள்ளே வந்தார். விளக்கை மூலையில் இறக்கி, அதிலிருந்தே அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. தனக்கொடி முதல் டம்ளரை நாத்தனாரிடம் நீட்டினாள். அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "சக்கர பத்தல" என்று அதட்டினார். தனக்கொடிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

காலை 10 மணி.

இலையில் கேசரி, பொங்கல், சாம்பார். சாப்பிட்டு முடித்ததும் கூகையைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். எங்கள் துறை அலமாரிக்கென்று பூச்சிகளை நான் கேட்கவில்லை. காசாம்பு டிரம்மை முந்திரித் தோப்பு ஓரமாகக் கொண்டுபோய் வைத்து, "அங்கியே குடிச்சுக்கிடட்டும்" என்று சொல்லியிருந்தார். உறையூரில் நான் இருப்பது பத்தொன்பது வருடமாக வாடகை வீடு. ஒரு ஆணி அடிப்பதற்கும் மாடியில் இருக்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அங்கே ஆந்தை புகுந்தாலும் வீட்டுக்காரர் கவலை என்றுதான் இருந்திருப்பேன். இப்படி மல்லுக்கு நிற்க எனக்குத் தோன்றியிருக்காது. அதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும், இந்த வாசல்படியில் நின்றவளை எனக்குத் தெரியும் என்பதில் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

தனக்கொடி பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். வழியில், விசேஷத்துக்கு வராத எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தினார். என் கையிலிருந்த மிக்ஸிப் பெட்டியைப் பார்த்தபடி அவளிடம் கேட்டார்: "ஏம்மா, ஒன் வூட்டுல கோட்டான் பூந்துடுச்சாமே, நெசமா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அது பூச்சி, பறவை இல்லை, இரண்டுக்கும் வித்தியாசம் இன்னின்னது என்று முழுப் பாடமும் நாக்கு நுனியில் இருந்தது. தனக்கொடி முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க, பூந்துச்சு. கோட்டானும் பூந்துச்சு, நாங்களும் குடி பூந்துட்டோம். சாயங்காலம் வாங்க, வூட்டப் பாக்கலாம்."